பூட்டிக் கிடக்கும் வீடுகள்

செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளின் ஊர். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற இப்பேட்டை, சேலம் நகரத்தின் ஒரு பகுதியாகிப் பல காலம் ஆன பின்னும் தன் வாணிபக் குணத்தை விடவில்லை. லீ பஜாரில் தானியமும் பருப்பும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. வெல்ல மண்டியில் ஏலம் நடக்கிறது. சந்துகளுக்குள்ளே வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் சுடரின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த ஊரிலே பிறந்து, மண்டிக் கணக்கு எழுதியே வயதானவன் நான். எந்தச் செய்தி காதில் விழுந்தாலும் அதனை இருப்பு, பற்று, ஈடு என்னும் மூன்று சொற்களுக்குள் அடக்கிப் பார்ப்பது என் பழக்கம். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட பொருளையும் அவ்வாறே பார்க்க விரும்புகிறேன். நகரங்களிலே ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளே அப்பொருள்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டில் காலியாக இருந்த வீடுகள் ஏறத்தாழ 2 கோடியே 47 இலட்சம். அவற்றுள் நகரங்களில் இருந்தவை மட்டும் 1 கோடியே 11 இலட்சம். இதற்கு அடுத்த ஆண்டில், மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு நகரங்களில் எத்தனை வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. ஏறத்தாழ 1 கோடியே 88 இலட்சம் என்று விடை வந்தது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு புறம் வீட்டுக்கு ஆள் இல்லை. மறுபுறம் ஆளுக்கு வீடு இல்லை. மண்டியிலே ஒரு புறம் நெல் மூட்டை அடுக்கி வைத்திருக்க, வாசலிலே பசித்தவர் நிற்பதைப் போன்றது இது. காலியான வீடுகளின் எண்ணிக்கையில் கடையாகவோ கிடங்காகவோ பயன்படக்கூடியவையும் சில இருக்கலாம். அவற்றைக் கழித்துவிட்டாலும் புதிர் தீர்ந்துவிடாது.

இதற்குக் காரணம் யாது? வீடுகளை அளவுக்கு மிஞ்சிக் கட்டிவிட்டார்கள் என்பது எளிதான விடை. எளிதான விடை எப்போதும் முழுமையான விடை ஆவதில்லை. நம் நாட்டுக் கணக்கிலே, பற்றாக்குறையால் வருந்துவோரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஏழைகளும் குறைந்த வருமானம் உடையவர்களுமே ஆவர். அவர்களால் பூட்டிய வீடுகளின் விலையைக் கொடுக்க முடியாது. பல இடங்களில் வாடகையைக்கூடக் கொடுக்க முடியாது. குடியிருக்க வேண்டியவரின் சம்பாத்தியத்துக்கும் வீட்டின் விலைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோனதே நோயின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தொடர்பு அறுவது எவ்வாறு, அறுந்தால் யார் யாருக்கு நட்டம் என்பதைக் காண நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் தமிழர் வரலாற்றிலேயே பெரியதோர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

செட்டிநாட்டுக்குப் போனவர்கள் அங்குள்ள மாளிகைகளைக் கண்டிருப்பார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள்; பர்மாத் தேக்குத் தூண்கள்; ஆத்தங்குடித் தரை ஓடுகள்; முகம் பார்க்கலாம் போன்ற சுண்ணாம்புச் சுவர்கள். இவற்றுட் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. திருமணத்துக்கும் படைப்புக்கும் திறப்பார்கள். பின்னர்க் காவற்காரர் ஒருவர் மட்டுமே இருப்பார். பராமரிக்க முடியாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பெருமைதான், ஆனால் மரபுச் சின்னம் என்ற பட்டியலில் ஒரு வீடு ஏறும்போது அதற்குள்ளே அடுப்பு எரிகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த வீடுகளின் கதை பர்மாவிலே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்துக் காடுகளை வெட்டி நெல் வயலாக்கினார்கள் பர்மிய உழவர்கள். அதற்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930ஆம் ஆண்டை ஒட்டி நடந்த வங்கி விசாரணையில், பர்மாவில் செட்டியார் கடைகள் 1,650 வரை இருந்ததாகவும், அவர்களுடைய முதல் 75 கோடி ரூபாய் வரை இருக்கலாமென்றும் மதிப்பிட்டார்கள். ஈடாக இருந்தது நிலம். நெல் விலை நன்றாக இருந்தவரை வட்டி வந்தது, கடனும் திரும்பியது. 1929இல் உலகப் பெருமந்தம் தொடங்கியது. நெல் விலை பாதிக்குமேல் சரிந்தது. உழவனால் வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடு கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937இல் அது நூற்றுக்கு 25 பங்கு ஆயிற்று. ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர்.

இதைக் கேட்பவர்கள், கடன் கொடுத்தவர்கள் பெருநிலக்கிழார் ஆகிவிட்டார்கள் என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. அவர்கள் வேண்டியது பணம், வந்தது மண். வாங்குவோர் இல்லாத மண். நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கோ நெஞ்சில் தீராத மனக்குறை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, பல்லாயிரவர் மலையும் காடும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. 1963இல் வங்கிகளும் அரசுடைமை ஆயின. ஆக, கடன் வாங்கியவன் நிலத்தை இழந்தான். கொடுத்தவர் முதலை இழந்தார். அந்த முதலால் எழுந்த மாளிகைகள் செட்டிநாட்டில் பூட்டிக்கொண்டன.

எங்கள் ஊர்த் தொழிலை வைத்து இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறேன். வெள்ளியை ஈடாக வாங்கினால், கடன் வராமற்போனாலும் உருக்கி எடை போட்டு விற்றுவிடலாம். கொலுசு அணிந்த கால் எங்கே என்று வெள்ளி கேட்பதில்லை. நிலமும் வீடும் அத்தகையவை அல்ல. உழுபவன் இருந்தால்தான் நிலத்துக்கு விலை. குடியிருப்பவர் இருந்தால்தான் வீட்டுக்கு விலை. ஈட்டைப் பறிக்கும்போதே அதன் மதிப்பில் ஒரு பகுதியை நாம் தெருவிலே கொட்டிவிடுகிறோம். ஒருவர் பறித்தால் அது சிறு நட்டம். ஊரிலுள்ள கடன்காரர் அனைவரும் ஒரே நாளில் பறித்தால் ஊரே நட்டம்.

இதே கதை, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்தது. அங்கே வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஒரு காய்ச்சலைப் போலப் பரவியது. வருமானத்துக்குச் சான்று கேளாமலே கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்த வட்டி, பிறகு திடீரென்று உயரும் வட்டி என்று பத்திரம் எழுதினார்கள். கடன் கொடுத்த நிறுவனம் அப்பத்திரத்தைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான பத்திரங்களைக் கட்டாகக் கட்டி, உலகெங்குமுள்ள முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டது. மண்டியிலே கடன் கொடுப்பவருக்கு வாங்குபவரின் முகம் தெரியும். அவர் வயலில் மழை பெய்ததா என்பதும் தெரியும். அங்கேயோ கடன் கொடுத்தவர் ஒருவர், பத்திரம் வைத்திருப்பவர் வேறொருவர், வசூலிப்பவர் மூன்றாமவர். கடனாளி, ‘எனக்கு ஆறு மாதம் தவணை கொடுங்கள்’ என்று யாரிடம் போய்க் கேட்பார்?

2006இல் விலை உச்சிக்கு வந்து சரியத் தொடங்கியது. வீட்டின் விலையைவிட அதன்மேல் உள்ள கடன் அதிகமாயிற்று. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் முறிந்தது. வேலை இழந்தவர்கள் வீட்டையும் இழந்தார்கள். 2010ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் வீடுகளின்மீது கடனுக்காக வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எழுந்தது. அவ்வாண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அந்நாட்டிலிருந்த வீடுகள் 13 கோடியே 17 இலட்சம். காலியாக இருந்தவை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. அதாவது நூற்றுக்குப் பதினொன்றுக்குச் சற்று அதிகம். இந்த ஒன்றரைக் கோடியில் 46 இலட்சம் வரை கோடைக்கும் குளிருக்கும் மட்டும் வந்து தங்கும் வீடுகள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். எனினும் சில நகரங்களின் நிலை திகைப்பூட்டுவதாக இருந்தது. மோட்டார்த் தொழிலின் தலைநகராக இருந்த டெட்ராயிட்டில் நூற்றுக்கு 22 வீடுகளுக்கு மேல் காலி. 1950இல் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் 2010இல் ஏழு இலட்சத்துச் சொச்சம் பேரே இருந்தனர். அங்கே தொழில் தேய்ந்தது பழைய நோய். வீட்டுக் கடன் முறிவு அந்நோயின்மேல் விழுந்த அடி.

ஆளில்லாத வீடு தனியாக அழிவதில்லை. திருடர்கள் சுவரைப் பெயர்த்துச் செம்புக் குழாய்களைக் கொண்டுபோனார்கள். வெப்பமான மாநிலங்களில் கைவிடப்பட்ட நீச்சல் குளங்களில் கொசு பெருகியது. பக்கத்து வீட்டுக்காரர் தவணை தவறாமல் கட்டியவராக இருந்தாலும் அவர் வீட்டின் விலையும் இறங்கியது. பள்ளிக்கூடச் செலவில் கணிசமான பங்கை வீட்டு வரியைக் கொண்டு நடத்தும் நாடு அது. ஆகவே வீடு காலியானால் பள்ளியின் வரவும் குறையும். கடன் கொடுத்த நிறுவனங்களோ, பர்மாவில் நகரத்தார் நின்ற இடத்திலேயே வந்து நின்றன. கை நிறைய ஈடு. வாங்க ஆள் இல்லை.

இத்தகைய காலத்தில் என்ன செய்யலாம் என்பதற்கும் வரலாற்றில் விடை உண்டு. பெருமந்தத்தின்போது அமெரிக்க அரசு 1933இல் வீட்டுக் கடன் கழகம் ஒன்றை அமைத்தது. தவணை தவறியவர்களின் பத்திரங்களை அது கடன் கொடுத்தவர்களிடமிருந்து தானே வாங்கிக்கொண்டு, குறைந்த வட்டியில் பதினைந்து ஆண்டுத் தவணையாக மாற்றி எழுதிக் கொடுத்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் குடும்பங்கள் இவ்வாறு உதவி பெற்றன. அவர்களுள் ஐந்தில் ஒருவர் பின்னரும் வீட்டை இழந்தார்; ஏனைய நால்வர் வீட்டிலேயே இருந்தனர்.

நம் மாகாணமும் அக்காலத்தில் கைகட்டி நிற்கவில்லை. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் சேலம் நகராட்சித் தலைவரும் ஆன இராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன்பு ஏற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் தேதி வரை நிலுவையாக நின்ற வட்டி தள்ளுபடி ஆயிற்று. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கடன் கொடுத்தோர் பலர் இதனை எதிர்த்தனர். நியாயம் அவர்கள் பக்கமும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும், உழுபவனை வயலிலேயே நிறுத்தி வைத்ததால்தான் அவர்களுக்கு அசலாவது வருவதற்கு வழி இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

2008இல் வந்த நெருக்கடியிலும் அமெரிக்க அரசு தவணையை மாற்றி எழுத ஒரு திட்டம் வகுத்தது. 30 முதல் 40 இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவது நோக்கம்; அந்த இலக்கை அது எட்டவில்லை. பத்திரம் பல கைகளில் சிதறிக் கிடந்தது அதற்கு ஒரு காரணம். ஊர்களும் முன்வந்தன. ஃபிளிண்ட், கிளீவ்லாந்து முதலிய நகரங்களைச் சேர்ந்த வட்டாரங்களில் நில வங்கி என்னும் பொது அமைப்புகள் வேலை செய்தன. வரி கட்டாமல் கைவிடப்பட்ட வீடுகளை இவை ஏற்று, பழுது பார்க்கத் தக்கவற்றைப் பழுது பார்த்துக் குடியிருக்க வருவோருக்குக் கொடுத்தன; மிகவும் சிதைந்தவற்றை இடித்து, அந்த மனையைப் பக்கத்து வீட்டாருக்குத் தோட்டம் போட விற்றன.

இனி நம் நகரங்களுக்குத் திரும்புவோம். நம் நாட்டில் அமெரிக்காவைப் போன்ற முறிவு ஏற்படவில்லை. நம்முடைய பூட்டுகள் வேறு காரணங்களால் தொங்குகின்றன. ஒன்று, விலை ஏறும் என்று வாங்கிப் போட்டுவிட்டு இருப்பு வைத்திருப்பது. வெல்லத்தை இருப்பு வைத்தவர் மழைக்காலத்தில் அது இளகிவிடுமே என்று அஞ்சுவார். வீட்டை இருப்பு வைத்தவருக்கு அந்த அச்சம் இல்லை. இரண்டு, கட்டி முடியாமல் நின்றுபோன அடுக்கு வீடுகள். தில்லிக்கு அருகில் நொய்டாவில் ஆம்ரபாலி நிறுவனத்தின் கட்டடங்களில் 42,000 வீடுகளுக்கு மேல் வாங்கியவர்கள் காத்துக் கிடந்தனர். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பதிவை இரத்து செய்து, வேலையை முடிக்க ஓர் அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவிட வேண்டுமென்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பது இத்தகைய இன்னலைத் தடுப்பதற்கே. மூன்று, பிழைக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட வீடுகள். அவ்வாறு அரசு கட்டியும் காலியாகக் கிடந்தவற்றை வெளியூரிலிருந்து வரும் தொழிலாளருக்கு வாடகைக்கு விடலாமென்று 2020இல் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நான்காவது, அச்சம். வாடகைக்கு விட்டால் வீடு திரும்ப வராது என்னும் அச்சம்.

இந்த நான்காவது காரணத்தை எங்கள் குடும்பத்திலேயே கண்டேன். செவ்வாய்ப்பேட்டையில் என் பாட்டனார் கட்டிய முற்றத்து வீடு ஒன்று உண்டு. பங்காளிகள் ஐவர், ஐவரும் ஐந்து ஊரில். ஏழு ஆண்டுகள் அந்த வீடு பூட்டியே இருந்தது. விற்கலாம் என்றால் விலை போதாது என்றார் ஒருவர். வாடகைக்கு விடலாம் என்றால், ‘வந்தவர் போகமாட்டார் தம்பி, கோர்ட்டுக்கு யார் அலைவது?’ என்றார் பெரியப்பா மகன். அதே தெருவில் கொலுசுக்குப் பற்றவைக்கும் தொழிலாளி ஒருவர், மனைவியும் மூன்று குழந்தைகளுமாக ஒரே அறையில் இருந்தார். பட்டறையும் அந்த அறையே, சமையலும் அதிலேதான். கடைசிக் குழந்தைக்கு இருமல் விடாமல் இருந்தது. ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு முற்றத்துத் தாழ்வார ஓடுகள் சரிந்தன. கதவைத் திறந்து பார்த்தபோது நிலைப்படியில் கரையான் ஏறியிருந்தது. விலை ஏறட்டும் என்று காத்திருந்த ஏழு ஆண்டில் வீடே இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியம்மாவின் காரியத்துக்காக ஐவரும் கூடியபோது இதைப் பேசி முடித்தோம். ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதி, முறைப்படி பதிவும் செய்து, அந்தத் தொழிலாளியின் குடும்பத்தைக் குடிவைத்தோம். பழைய 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தமிழ்நாட்டுச் சட்டம் அவ்வாறு எழுதிப் பதியும்படி சொல்கிறது. அதனால் வீட்டுக்காரருக்கும் துணிவு, குடியிருப்பவருக்கும் பாதுகாப்பு. முதல் மூன்று ஆண்டு வாடகை ஓடு மாற்றவும் மரம் மாற்றவுமே சரியாயிற்று. பெரியப்பா மகனுக்கு அதில் இன்னும் முழு மனம் இல்லை. ஆனால் பட்டறை தாழ்வாரத்துக்குப் போயிற்று. குழந்தைகள் உள்ளறையில் உறங்குகிறார்கள். வீட்டில் மாலையில் விளக்கு எரிகிறது.

ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குச் செய்ததை ஒரு நாட்டுக்குச் செய்வது அத்தனை எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் திசை அதுவே. நம் நாட்டு நகரங்களில் 1961இல் நூற்றுக்கு 54 குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. 2011இல் அது 28 ஆகக் குறைந்தது. எல்லோரும் சொந்த வீட்டுக்காரர் ஆகிவிட்டோம் என்று இதைக் கொண்டு மகிழ்வதற்கில்லை. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வருகிறவருக்கு முதல் நாளே சொந்த வீடு வாங்க முடியுமா? அவருக்கு வேண்டியது தகுந்த வாடகையில் ஒரு கூரை. ஆகவே வீட்டுக் கடன் கொடுப்பவர் ஈட்டைப் பார்க்கும்முன் ஆளின் வருமானத்தைப் பார்க்க வேண்டும். இடையூறு வந்தால் வீட்டைப் பறிக்கும்முன் தவணையை மாற்றிப் பார்க்க வேண்டும். நீண்ட காலம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நகராட்சி சற்றுக் கூடுதலாக வரி கேட்பதும், வாடகைக்கு விடுபவருக்குச் சற்றுச் சலுகை காட்டுவதும் நியாயமே. ஏழைகளுக்கு வீடு கட்டும்போது, அவர்கள் பிழைக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை முதலில் அளக்க வேண்டும்.

கணக்கு எழுதுகிறவனின் கடைசி வரியைச் சொல்லி முடிக்கிறேன். பூட்டிய வீட்டைச் சொத்து என்று ஏட்டில் வரவு வைக்கிறோம். செட்டிநாடும் டெட்ராயிட்டும் அந்த வரவின் எதிரே இருக்கும் பற்றை நமக்குக் காட்டிவிட்டன. வீடு கட்டியவர் எவராயினும், கடன் கொடுத்தவர் எவராயினும், அதன் மதிப்பைக் காப்பாற்றிக் கொடுப்பவர் அதிலே குடியிருப்பவரே. அவரை உள்ளே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதே எல்லோருக்கும் இலாபம்.